பூஜ்யத்துக்கு இடம் கொடுக்காத பட்டியல்

"தம்பி, பட்டியல்ல எங்க ஊரு மடைக்கல்லக் காணோமே?"

கேட்டவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்க வட்டாரத்துல எல்லாருக்கும் வாத்தியாரய்யா. நான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருந்த கல்வெட்டுப் பட்டியலை ஊர்வாரியா விரலை வச்சுப் படிச்சுக்கிட்டே வந்தவர், அவர் ஊர் வந்ததும் நின்னுட்டார். கண்மாயில தண்ணி வத்தின ஒரு சித்திரையில நாங்க ரெண்டு பேரும் போய்ப் பார்த்த கல் அது. மேல் பகுதி உடைஞ்சு போயிருந்தது. அரசன் பேர் இருக்க வேண்டிய வரிகள் இல்லை. மடைக்கு யாரோ செய்த தர்மம் மட்டும் கீழே இருந்தது. நான்தான் படியெடுத்தேன், நான்தான் கணினியில ஏத்தினேன். அச்சுல மட்டும் இல்லை.

"விட்டுப் போயிருக்கும் அய்யா, பாத்துர்றேன்" என்றேன்.

"பாருங்க தம்பி. பட்டியல்ல இல்லாத கல்லு, நாளைக்குத் துவைக்கிற கல்லாயிரும்."

அன்று இரவு உட்கார்ந்து தேடினேன். டேபிளில் கல் பத்திரமாக இருந்தது. அதைக் காணாமல் போக்கியது ஒரு சின்ன ஃபங்ஷன். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் உள்ளே அமைந்தே வரும் 'சூஸ்'. 'தேர்ந்தெடு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான் அதன் பெயர். இந்தக் கட்டுரை அந்த ஃபங்ஷன் எப்படி வேலை செய்கிறது, எங்கே காலை வாரும் என்பதைப் பற்றியது. நீங்கள் கல்வெட்டுக்குப் பதிலாக நூலகப் பட்டியலோ, மாணவர் பட்டியலோ வைத்திருந்தாலும் இதே கதைதான்.

(ஃபங்ஷன் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். ஃபீல்டு பெயர்களையும் மேற்கோளுக்குள் வரும் சொற்களையும் ஆக்சஸில் தமிழிலேயே வைக்கலாம்.)

எண்ணாக ஏன் வைத்தேன்

புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் கிடைத்த கல்வெட்டுகளின் மூலபாடத்தை 1929-இல் ஒரே தொகுதியாக வெளியிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள், அரச மரபு வாரியாக வரிசைப்படுத்தப்பட்டவை. பிறகு கே.ஆர். சீனிவாச ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் போனது, 1974-இல் தனி மாவட்டம் ஆனது. இதெல்லாம் ஆன பிறகும் இங்கே கல்வெட்டு பார்க்கக் கிளம்புகிற எவரும் முதலில் கையில் எடுப்பது அந்த 1929 தொகுதியைத்தான். என்னுடைய டேபிள் அதிலிருந்து எடுத்த குறிப்புகளும், பிறகு நேரில் போய்ப் பார்த்தவையும் சேர்ந்தது.

மரபுப் பெயரை ஒவ்வொரு வரிசையிலும் எழுத்தாகத் தட்டினால் என்ன ஆகும் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஓரிடத்தில் 'விஜயநகரர்', ஓரிடத்தில் 'விசயநகரர்', இன்னோரிடத்தில் 'விஜயநகர அரசு'. மனுசனுக்கு மூன்றும் ஒன்று. கணினிக்கு மூன்று வெவ்வேறு மரபு. அதனால் 'மரபெண்' என்று ஒரு ஃபீல்டு வைத்து எண் மட்டும் இட்டேன்: 1 பல்லவர், 2 முத்தரையர், 3 சோழர், 4 பாண்டியர், 5 விஜயநகரர், 6 தொண்டைமான். மரபு உறுதியாகத் தெரியாதவற்றுக்கு 0.

அச்சில் 3, 4 என்று வந்தால் யாருக்குப் புரியும்? எண்ணைப் பெயராக மாற்றத்தான் சூஸ்.

சூஸ் செய்யும் வேலை

பந்திக்கு வரிசையாக இலை போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'மூணாவது இலையில இருக்கறவரக் கூப்பிடு' என்று சொன்னால் ஆள் போய் எண்ணி, மூன்றாவது ஆளைக் கூட்டி வருவான். அவ்வளவுதான் சூஸ். முதலில் ஒரு எண், பிறகு வரிசையாகச் சொற்கள். எண் எதுவோ அந்த இடத்துச் சொல் திரும்ப வரும்.

குவெரியை டிசைன் வியூவில் திறந்து, கீழே காலியாக உள்ள ஒரு ஃபீல்டு கட்டத்தில் இப்படித் தட்டினேன்:

மரபு: சூஸ்([மரபெண்], "பல்லவர்", "முத்தரையர்", "சோழர்", "பாண்டியர்", "விஜயநகரர்", "தொண்டைமான்")

கட்டம் சின்னதாக இருந்தால் ஷிஃப்ட் விசையோடு எஃப்2 அழுத்துங்கள், பெரிய பெட்டி திறக்கும். முன்னால் உள்ள 'மரபு:' என்பது புதிய பத்தியின் தலைப்பு. குவெரியை ஓட்டினால் 3 என்று இருந்த இடத்திலெல்லாம் 'சோழர்' வரும். டேபிளில் உள்ள எண் மாறாது, காட்டும்போது மட்டும் பெயராக வரும். பத்து நிமிட வேலை. எனக்கு ஒரே சந்தோஷம்.

கல் எப்படிக் காணாமல் போச்சு

சூஸ் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். பூஜ்யமாவது இலை என்று ஒன்று கிடையாது. 0 கொடுத்தாலும், ஆறு சொற்கள் உள்ள பட்டியலில் 7 கொடுத்தாலும் அது பிழை என்று சொல்லாது, சத்தமும் போடாது. 'நல்' என்கிற ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும். பேர்தான் நல், பல இடத்துல பொல்லாதது. நல் என்பது பூஜ்யம் அல்ல, வெற்று எழுத்தும் அல்ல. 'இங்கே மதிப்பு எதுவும் இல்லை' என்கிற நிலை. திரையில் காலிக் கட்டமாகத் தெரியும்.

அதுவரைக்கும் கெடுதல் இல்லை. காலிக் கட்டமாகவாவது அந்த வரிசை இருக்கும். நான் அடுத்துச் செய்ததுதான் வினை. தொண்டைமான் காலத்துக் கல்வெட்டுகளைத் தனியாக வெளியிடலாம் என்று நினைத்து, அவற்றை மட்டும் விலக்க கிரைட்டீரியா கட்டத்தில் 'தொண்டைமானுக்குச் சமம் அல்லாதவை' என்று நிபந்தனை போட்டேன்:

<> "தொண்டைமான்"

நம்ம புத்திக்கு, காலிக் கட்டம் தொண்டைமான் இல்லையே, அதனால் அது பட்டியலில் இருக்க வேண்டும். ஆக்சஸின் கணக்கு வேறு. இருக்கிறதே தெரியாத ஒன்றை 'தொண்டைமானா, இல்லையா' என்று கேட்டால் 'ஆமாம்' என்றும் சொல்ல முடியாது, 'இல்லை' என்றும் சொல்ல முடியாது. விடையும் நல்தான். நிபந்தனைக்கு 'ஆமாம்' என்று வந்த வரிசைகளை மட்டுமே குவெரி உள்ளே விடும். ஆக, தொண்டைமானை வெளியே அனுப்பப் போனவன், மரபு தெரியாத அத்தனை கல்லையும் கூடவே அனுப்பிவிட்டேன். இது ஆக்சஸின் கோளாறு அல்ல. எஸ்கியூஎல் பேசும் தரவுத்தள மென்பொருள்கள் பொதுவாக இப்படித்தான் நடந்துகொள்ளும்.

எண்ணிப் பார்த்தேன். டேபிளில் 212 வரிசை. தொண்டைமான் 31. பட்டியலில் 181 வந்திருக்க வேண்டும், வந்தது 162. பத்தொன்பது கல் போயே போச்சு. கழித்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. நான் பார்க்கவில்லை.

போனது எந்தக் கல் என்பதுதான் விஷயம்

அந்தப் பத்தொன்பதும் ஏதோ பத்தொன்பது இல்லை. உடைந்தவை, தேய்ந்தவை, பாதி மண்ணில் புதைந்தவை. கோயில் சுவரில் பாதுகாப்பாக இருக்கும் கல்வெட்டில் மெய்க்கீர்த்தியும் அரசன் பெயரும் இருக்கும், அதற்கு எண் கிடைத்துவிடும். கண்மாயில் குமிழித் தூணில், கலிங்கில், வயல் வரப்பில் கிடப்பவைதான் 0 வாங்கும். யாரும் இன்னும் சரியாகப் பார்க்காதவை, அடுத்து யாராவது போய்ப் பார்க்க வேண்டியவை. பட்டியல் போடுவதற்கே காரணமானவை. அவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து நீக்கியிருக்கிறது என் நிபந்தனை.

இன்னொரு வகை ஐயமும் உண்டு. மலையடிப்பட்டிக் குடைவரையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள கல்வெட்டு பல்லவ மன்னன் தந்திவர்மனின் 16-ஆவது ஆட்சியாண்டைச் சொல்கிறது. கோயிலைக் குடைந்தவன் விடேல்விடுகு முத்தரையன் என்ற குவாவன் சாத்தன். இதற்கு 1 போடுவதா, 2 போடுவதா? கொடும்பாளூர் இருக்குவேளிர் சோழருக்குத் துணை நின்றவர்கள், அவர்கள் கல்வெட்டை எந்த எண்ணில் வைப்பது? வெள்ளாற்றுக்கு வடக்கே சோழ நாடு, தெற்கே பாண்டிய நாடு என்று சொல்லிவந்த மண் இது. எல்லையில் இருக்கும் ஊர்களுக்கு ஒரே எண் பொருந்தாது. சூஸ் ஒரு இலையைத்தான் காட்டும். இப்படிப்பட்ட இடத்தில் 'ஆட்சியாண்டு யாருடையது', 'செய்தது யார்' என்று இரண்டு ஃபீல்டு வைப்பதுதான் வழி. ஃபங்ஷனால் தீர்க்க முடியாததை டேபிளில்தான் தீர்க்க வேண்டும்.

அரசன் பெயரிலும் இதே சிக்கல். சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். முதலாம் ஆதித்தன், கண்டராதித்தன், சுந்தரசோழன், முதலாம் இராசராசன் நால்வருமே இராசகேசரிகள். 'கோஇராசகேசரிவர்மற்கு யாண்டு 5' என்று மட்டும் ஒரு கல்லில் இருந்தால், எழுத்தமைதியும் உள்ளே வரும் ஆட்களின் பெயரும் பார்த்துத்தான் யார் என்று முடிவு செய்ய முடியும். முடிவு ஆகாதவரை ஐயம் என்பதே சரியான பதில். தெரியாது என்பதும் ஒரு தகவல்தான், அதற்கும் பட்டியலில் ஒரு பெயர் வேண்டும்.

திருத்திய வடிவம்

இப்போது என் குவெரியில் இருப்பது:

மரபு: என்இசட்(சூஸ்(என்இசட்([மரபெண்], 99) + 1, "ஐயம்", "பல்லவர்", "முத்தரையர்", "சோழர்", "பாண்டியர்", "விஜயநகரர்", "தொண்டைமான்"), "எண் பிழை")

பயப்பட வேண்டாம், உள்ளேயிருந்து பிரித்துப் பாருங்கள். என்இசட் என்பது இன்னொரு ஃபங்ஷன். கொடுத்தது நல்லாக இருந்தால், அதற்குப் பதிலாக நாம் சொல்லும் மதிப்பைத் தரும். எண்ணே இடாமல் விட்ட வரிசைக்கு உள்ளே இருக்கும் என்இசட் 99 தருகிறது. எல்லா எண்ணோடும் ஒன்று கூட்டுவதால் 0 என்பது 1 ஆகி 'ஐயம்' முதல் இலையில் உட்கார்ந்துகொள்கிறது. 99 என்பது 100 ஆகும். நூறாவது இலை இல்லை, எனவே நல் வரும். அதை வெளியே இருக்கும் என்இசட் பிடித்து 'எண் பிழை' என்று எழுதிவிடும். 7 என்று தவறித் தட்டியிருந்தாலும் அதே.

'ஐயம்' வேறு, 'எண் பிழை' வேறு என்று பிரித்தது வேண்டுமென்றேதான். முதலாவது கல்லின் நிலை. இரண்டாவது என் கவனக்குறைவு. இரண்டையும் ஒரே காலிக் கட்டத்தில் போட்டால், நான் செய்த தப்பெல்லாம் கல் தலையில் விழும்.

கூடவே டேபிளின் டிசைன் வியூவில் மரபெண் ஃபீல்டுக்கு '0 முதல் 6 வரை மட்டும்' என்று வேலிடேஷன் ரூல் போட்டு, கட்டாயம் நிரப்ப வேண்டிய ஃபீல்டு என்றும் ஆக்கிவிட்டேன். வாசலிலேயே தடுத்தால் உள்ளே தேட வேண்டாம்.

மீதி பூஜ்யம் வந்தால்

பூஜ்யம் இன்னொரு இடத்திலும் மாட்டிவிடப் பார்த்தது. விஜயநகர காலம் முதல் பல கல்வெட்டுகளில் சக ஆண்டும் அறுபது ஆண்டுப் பெயர்களில் ஒன்றும் சேர்ந்து வரும். கழிந்த சக ஆண்டோடு 12 கூட்டி 60-ஆல் வகுத்தால் மீதிதான் ஆண்டின் வரிசை எண். சகம் 1500 என்றால் 1512, மீதி 12, வெகுதானிய. கி.பி. 1578-79. சகம் 1488 என்றால் 1500, மீதி 0. பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்கு இது பால பாடம்: மீதி இல்லையென்றால் கடைசி ஆண்டு, அட்சய. ஆக்சஸுக்கு அது தெரியாது. மீதியை அப்படியே கொடுத்தால் அட்சய ஆண்டுக் கல்வெட்டெல்லாம் நல் ஆகிவிடும்.

இதற்கு நான் சூஸ் பயன்படுத்தவில்லை. அறுபது பெயரை ஒரே சூத்திரத்தில் திணித்தால் எழுத்துப்பிழையைக் கண்டுபிடிப்பதற்குள் கண் போய்விடும். ஒன்று முதல் அறுபது வரை எண்ணும் பெயருமாகத் தனி டேபிள் போட்டு இணைத்தேன். இங்கேயும் கவனம் வேண்டும். வழக்கமான இணைப்பில் ஜோடி கிடைக்காத வரிசை சத்தமில்லாமல் விழுந்துவிடும். பூஜ்யத்துக்கு ஜோடி இல்லை. அதனால் சூத்திரத்தையே மாற்றிக்கொண்டேன்:

ஆண்டெண்: (([சகம்] + 11) மாட் 60) + 1

மாட் என்பது வகுத்த மீதி. முதலில் 11 மட்டும் கூட்டி, மீதி எடுத்த பிறகு 1 கூட்டினால் விடை எப்போதும் 1 முதல் 60-க்குள் இருக்கும். சகம் 1488-க்கு 1499, மீதி 59, ஒன்று கூட்டினால் 60, அட்சய. கல்லில் உள்ள ஆண்டுப் பெயரும் கணக்கில் வந்த பெயரும் ஒத்துப்போகாத இடங்களைத் தனியாக எடுத்துப் பார்த்தால் இன்னொரு லாபம் உண்டு. ஒன்று, சக எண்ணை நாம் தப்பாகப் படித்திருப்போம். அல்லது, வெட்டியவர் கழிந்த ஆண்டுக்குப் பதில் நடப்பு ஆண்டை எழுதியிருப்பார்.

கிழமை காட்டிய பொய்

சூஸுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற வேலை கிழமை. ஏழே ஏழு, என்றைக்கும் மாறாது. வீக்டே ஃபங்ஷன் ஒரு தேதிக்கு ஞாயிறை 1 ஆக வைத்து 7 வரை எண் தரும். அதைச் சூஸுக்குள் போட்டால் தமிழ்க் கிழமை வரும். 1947 ஆகஸ்ட் 15 கொடுங்கள், வெள்ளி என்று சொல்லும். சரி.

1565 ஜனவரி 23 கொடுங்கள். விஜயநகரப் படை தோற்ற தலைக்கோட்டைப் போரின் நாள். வரலாற்று நூல்களில் அது செவ்வாய். ஆக்சஸ் சனி என்கிறது. 1582-இல்தான் கிரிகோரியன் நாட்காட்டி வந்தது. அதற்கு முந்திய தேதிகளை வரலாற்றாசிரியர்கள் பழைய ஜூலியன் முறையில் எழுதுகிறார்கள். ஆக்சஸ் கி.பி. 100-ஆம் ஆண்டு வரைக்கும் கிரிகோரியனாகவே எண்ணுகிறது. 1565-இல் இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம்.

இதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1100 மார்ச் முதல் 1300 பிப்ரவரி வரை இரண்டு நாட்காட்டிக்கும் வித்தியாசம் சரியாக ஏழு நாள். ஏழு நாள் தள்ளினாலும் கிழமை அதேதான். நான் சோதனைக்கு எடுத்த தேதிகள் எல்லாம் 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டுகளுக்கு உரியவை. எல்லாம் பொருந்தின, சூத்திரம் சரி என்று நம்பிவிட்டேன். 15-ஆம் நூற்றாண்டுக்குப் போனதும் வெள்ளிக்கிழமையெல்லாம் புதன்கிழமை ஆனது. சூஸ் தப்பு செய்யவில்லை. கொடுத்த எண்ணுக்கு உரிய இலையைத்தான் காட்டியது. எண்ணைக் கொண்டுவந்து கொடுத்தது நான்.

எங்கே சூஸ், எங்கே டேபிள்

என் அனுபவத்தில் கற்றுக்கொண்டது இவ்வளவு. பட்டியல் சின்னதாகவும் என்றைக்கும் மாறாததாகவும் இருந்தால் சூஸ் போதும்: கிழமை, வளர்பிறை தேய்பிறை, பன்னிரண்டு மாதம். 'இத்தனைக்கு மேல், இத்தனைக்குக் கீழ்' என்று நிபந்தனை வைத்துப் பிரிக்க வேண்டுமென்றால் ஸ்விட்ச். இரண்டே வழி என்றால் ஐஐஎஃப். பட்டியல் வளரக்கூடியது, பெயர் மாறக்கூடியது என்றால் தனி டேபிள். உண்மையைச் சொன்னால் மரபுப் பெயரையே டேபிளில் வைத்திருக்க வேண்டும். நாளைக்கு ஒய்சளர் கல்வெட்டு ஒன்று சேர்த்தால் டேபிளில் ஒரு வரிசை கூடினால் போதும். சூஸ் என்றால் அதை எழுதிய எல்லாக் குவெரியையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தாலும் ஒய்சளர் 'எண் பிழை' ஆகிவிடுவார்.

இன்னொன்று. சூஸைக் குவெரியில் எழுதும்போது தமிழ் எழுத்து பிரச்சினை இல்லாமல் வரும். அதையே விபிஏ எடிட்டருக்குள் எழுதினால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாக மாறிவிடும், அந்த எடிட்டருக்கு யூனிகோடு தெரியாது. அங்கே போக வேண்டியிருந்தால் பெயர்களை டேபிளில் வைத்து எடுப்பதுதான் வழி.

கல்வெட்டைக் கணினியில் ஏற்றுவது புதுசு ஒன்றும் இல்லை. நொபோரு கராஷிமா, பேராசிரியர் சுப்பராயலு, தோரு மத்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களைக் கணினி கொண்டு தொகுத்து, மூன்று தொகுதிகளாக 1978-இல் வெளியிட்டார்கள். ஆக்சஸ் பிறந்ததே 1992-இல்தான். இன்றைக்கு வீட்டு மேசையில் நமக்குக் கிடைப்பது அவர்களுக்குக் கிடைக்காத வசதி. வசதி கூடியதால் கவனத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் ஆகாது. எந்தக் குவெரியை அச்சுக்கு அனுப்பும் முன்பும் டேபிளில் எத்தனை, பட்டியலில் எத்தனை, வேண்டுமென்று விலக்கியது எத்தனை என்று ஒரு கூட்டல் போட்டுப் பார்க்கிறேன் இப்போது. தாளின் அடியில் அந்தக் கணக்கையும் அச்சிட்டுவிடுகிறேன், படிக்கிறவரும் சரிபார்க்கட்டும் என்று.

மறுபடி எடுத்த பட்டியலைக் கொண்டுபோய் வாத்தியாரய்யாவிடம் கொடுத்தேன். 'ஐயம்' என்ற தலைப்பின் கீழ் பத்தொன்பது கல். அவர் ஊர் மடைக்கல் ஏழாவது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஐயம்னே போட்டுட்டீங்களா?"

"ஆமாங்கய்யா. தெரியல, அதான்."

"இருக்கட்டும். மறுபடி தண்ணி வத்துனதும் போய்ப் பாப்போம். உடைஞ்ச துண்டு பக்கத்துலயே எங்கயாச்சும் கெடக்கும்."